நிலத்தை விற்று ஸ்டெம் செல் ஊசி போடுவதற்கு முன்னால்

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்த வீடுகளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஸ்டெம் செல் பேச்சு வந்துவிடுகிறது. முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும்: சக்கர நாற்காலியில் வந்தவர் பத்தாம் நாள் எழுந்து நடக்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை போன் போட்டு விசாரிக்கும். சில லட்சம் ஆகும் என்று பதில் வரும். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, ஆற்றங்கரை ஓரமாகக் கிடக்கிற ரெண்டு மா நிலத்துக்கு இன்றைக்கு என்ன விலை போகும் என்று கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்குப் போடுகிற வீட்டுக்காகத்தான் இது. வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்தான் ஸ்டெம் செல். அந்த ஆராய்ச்சி நிஜம்; பார்க்கின்சனில் அது நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி நடப்பது ஓரிடம், விற்பனை நடப்பது வேறிடம். இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்வி கேட்டால் போதும்: என்ன செல், அதை உடம்பில் எங்கே வைக்கிறார்கள், காசு யார் கொடுக்கிறார்கள்?

செல்லை வைக்கும் இடத்திலிருந்து ஆரம்பிப்போம். டெல்டாக்காரருக்கு இது சுலபமாகப் புரியும். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று கறுப்பாக ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்கேயுள்ள நரம்பு செல்கள், உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற ரசாயனத்தைத் தயாரித்து, நீளமான இழைகள் வழியாக புட்டாமென் என்ற இன்னொரு பகுதிக்கு அனுப்புகின்றன. முன்னது கல்லணை என்றால் பின்னது கடைமடை. பார்க்கின்சனில் செத்துப்போவது கல்லணைப் பக்கத்து செல்கள். கை நடுக்கமும் நடையில் மந்தமும் வெளியே தெரியும்போதே ஏறக்குறைய பாதியோ அதற்கும் மேலோ போயிருக்கும். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை மழை மாதிரி: வேண்டிய வயலிலும் பெய்யும், வேண்டாத வயலிலும் பெய்யும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். செல் மாற்று என்பது கடைமடையிலேயே போர்வெல் போடுவது. புதிய செல்லை கல்லணையில் நட்டால் வயதான மூளைக்குள் அவ்வளவு தூரம் இழை நீண்டு போய்ச் சேராது. அதனால்தான் நேரடியாகப் புட்டாமெனில் வைக்கிறார்கள்.

அப்படி வைக்க, தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் பொருத்தி, எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் பாதை போட்டு, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லாமல் இது நடக்காது. கையில் டிரிப் ஏற்றினால் செல்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களிலேயே சிக்கிக்கொள்ளும். முதுகுத் தண்டில் ஊசி போட்டால் தண்டுவட நீரில் கலக்குமே தவிர, புட்டாமெனுக்குள் புகுந்து டோபமின் செல்லாக வேரூன்றாது. தலைவலி, காய்ச்சல், மூளை உறைத் தொற்று ஆகிய ஆபத்துகள் மட்டும் நிச்சயமாக உடன் வரும். ஆக, “மூளைக்கு ஸ்டெம் செல்” என்று சொல்லிவிட்டு ஊசியைக் கையிலோ முதுகிலோ போடுகிற இடத்தில் ஒரு கேள்வியிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது, என்ன செல்? விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்த மீசென்கைமல் செல். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகக்கூடிய வம்சம் அது. நோயாளியின் மூளைக்குள் போய் அது டோபமின் செல்லாக மாறியதாக நிரூபணம் கிடையாது. அழற்சியைக் குறைக்கக்கூடிய பொருள்களைச் சுரக்கிறது என்ற கோணத்தில் ஆய்வுகள் நடக்கின்றன, அது தனிக் கதை. “உங்கள் உடம்பிலிருந்தே எடுத்து உங்களுக்கே போடுகிறோம், ஆபத்தே கிடையாது” என்பார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 2015இல் சொந்தக் கொழுப்பு செல்லைக் கண்ணில் ஏற்றிக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வை போனது. மாஸ்கோவில் கரு நரம்பு செல் ஏற்றிக்கொண்ட ஒரு சிறுவனின் மூளையிலும் தண்டுவடத்திலும், கொடையாளர் செல்லிலிருந்தே கட்டி வளர்ந்தது 2009இல் பதிவானது.

ஆராய்ச்சிக் கூடத்துச் செல் வேறு. ஜப்பானின் ஷின்யா யமனகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், சாதாரணத் தோல் செல்லை எதுவாகவும் வளரக்கூடிய ஐ.பி.எஸ். செல்லாகத் திருப்பிக் காட்டினார்; 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செல்லை அப்படியே மூளையில் வைத்தால் கட்டிதான் வளரும். நாற்றங்கால் மாதிரி, நாள் கணக்குப்படி வேதிச் சமிக்ஞைகள் கொடுத்து நடுமூளை டோபமின் செல்லாகும் பாதையில் திருப்ப வேண்டும். ஏறக்குறைய ஒரு மாத வேலை. நடுவில் கோரின் என்ற புரதத்தை அடையாளமாக வைத்துச் சரியான செல்லை மட்டும் பொறுக்கி எடுப்பது கியோட்டோ முறை. களை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று சோதனை செய்து காட்டிய பிறகுதான் நடவு. நட்ட செல் முதிர்ந்து வேலை செய்ய மாதங்கள் ஆகும், சில சமயம் ஒரு வருடம்கூட. “பத்து நாளில் நடந்தார்” என்கிற வீடியோ இந்த இடத்தில் உடைந்துபோகிறது. பத்து நாளில் எந்தச் செல்லும் வேர்விட்டிருக்காது.

பழைய வரலாறும் பொறுமையைத்தான் கற்றுக்கொடுக்கிறது. சுவீடனின் லுண்ட் நகரில் 1987இல் கருவின் மூளைத் திசுவை நோயாளியின் மூளையில் வைக்கத் தொடங்கினார்கள். சிலருக்குப் பல வருடம் பலன் நீடித்தது. ஆனால் அமெரிக்காவில் பொய் அறுவையோடு (செல் வைக்காமல், அறுவை செய்த மாதிரி மட்டும் காட்டுவது) ஒப்பிட்டுச் செய்த இரண்டு ஆய்வுகள், 2001லும் 2003லும் வெளிவந்தவை, எதிர்பார்த்த முதன்மை இலக்கை எட்டவில்லை. அதோடு, உடம்பு தானாக முறுக்கி நெளிகிற ஆட்டம், மாத்திரையை நிறுத்திய பிறகும் நிற்காமல், சிலருக்கு வந்தது. மாத்திரையால் வரும் ஆட்டத்தை அளவைக் குறைத்து அடக்கலாம். நட்ட செல்லை எப்படிக் குறைப்பது? அந்த அடிக்குப் பிறகுதான் கலப்படமில்லாத செல் வேண்டும் என்ற தேடல் மும்முரமானது.

கியோட்டோவில் ஜுன் தகஹாஷி குழு 2018 அக்டோபரில் முதல் நோயாளிக்கு ஐ.பி.எஸ். வழி செல்லை வைத்தது. முடிவு 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. மொத்தம் 7 பேர், 50 முதல் 69 வயது. குறைந்த அளவு பெற்றவர்களுக்கு மூளையின் ஒரு பக்கத்துக்கு 20 லட்சத்துக்குச் சற்று மேலும், கூடிய அளவு பெற்றவர்களுக்கு 50 லட்சத்துக்குச் சற்று மேலும் செல்கள். 24 மாதம் கவனித்ததில் கட்டி வளரவில்லை. பலனை அளந்த 6 பேரில் 4 பேருக்கு, மாத்திரை வேலை செய்யாத நேரத்து அசைவு முன்னைவிட மேம்பட்டது. அதே இதழில் 12 பேருக்குக் கருமூலச் செல்லிலிருந்து வளர்த்த பெம்டேன்புரோசெல் என்ற செல் தயாரிப்பைக் கொடுத்த முடிவும் வந்தது. 18 மாதம் பாதுகாப்பாக இருந்தது; மூன்றாம் கட்டமாக நூறு பேர் அளவில் பொய் அறுவையோடு ஒப்பிடும் ஆய்வு தொடங்கியிருக்கிறது. 7 பேர், 12 பேர். 2025இல் வந்த முடிவுகளின் கணக்கு இவ்வளவுதான். உலகமே இத்தனை நிதானமாக எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு கிளினிக் “ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்துவிட்டோம்” என்று சொன்னால், அத்தனை பேரின் முடிவை எந்த இதழில் போட்டார்கள் என்று கேளுங்கள்.

அல்சைமர் மறதி நோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒரு வகை செல், ஓர் இடம் என்று கிடையாது. பாசனப் பரப்பு முழுவதும் வாய்க்கால் தூர்ந்துபோன நிலைமை. போர் போட்டுத் தீர்க்க முடியாது. பார்க்கின்சனிலும் நட்ட செல் அசைவுக்குத்தான்; மலச்சிக்கல், தூக்கக் கோளாறு, எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்குவது, ஞாபகக் குறைவு ஆகியவை வேறு பகுதிகளின் பாதிப்பு, அவை அப்படியேதான் இருக்கும்.

சரி, கிளினிக்குக்குப் போய்வந்தவர் தேறினார் என்கிறார்களே, அது எப்படி? பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பார்க்கின்சனில் நம்பிக்கையே டோபமினைச் சுரக்க வைக்கும். 2001இல் பெட் ஸ்கேனில் அளந்தே காட்டினார்கள். அதனால்தான் பொய் அறுவை வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அங்கே பத்து நாள் தங்க வைத்து, தினமும் இரண்டு வேளை பிசியோதெரபி கொடுத்து, மாத்திரையை மணி தவறாமல் போட வைப்பார்கள். ஊருக்குத் திரும்பினால் இரண்டும் நின்றுவிடும், மூன்று மாதத்தில் பழைய நிலை. அந்தப் பத்து நாள் ஒழுங்கை நிலத்தை விற்காமல் வீட்டிலேயே கொண்டுவரலாம்.

வீட்டில் முதலில் சரிபார்க்க வேண்டியது, இது பார்க்கின்சன்தானா என்பது. தலைச்சுற்றலுக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசைன், சில மனநல மருந்துகள் எல்லாம் டோபமினைத் தடுத்து, பார்க்கின்சன் மாதிரியே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கொண்டுவரும். வருடக்கணக்கில் தலைச்சுற்றல் மாத்திரை போட்டுவரும் வயதானவர்கள் நம் பக்கம் நிறைய. வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். இந்த வகை நடுக்கம், காரணமான மருந்தை மருத்துவர் நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறங்கிவிடும். அந்த இடைவெளியில் யாராவது ஸ்டெம் செல் ஊசி போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது லெவோடோபா. மாத்திரை அட்டையில் 110 என்பது லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 10 மி.கி.; 125 என்பது 100, 25. ஒன்று இல்லையென்று மற்றதைக் கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் கரைந்துவிடாமல் காப்பது கார்பிடோபா. ஒரு நாளைக்கு அது 70 முதல் 100 மி.கி. வரை வேண்டும். 110 மூன்று வேளை போட்டால் 30 மி.கி.தான் சேரும், அதனால் குமட்டும். குமட்டலுக்கு மெட்டோகுளோப்ரமைடு போட்டால் நோய் கூடும். அந்த வளையத்தில் மாட்டிக்கொண்டு “இந்த மாத்திரை எங்களுக்கு ஒத்துக்கல” என்று நிறுத்தியவர்கள் ஏராளம். மருத்துவரிடம் சொன்னால் 125க்கு மாற்றுவார், வேண்டுமானால் இதயத்தைப் பார்த்துவிட்டு டோம்பெரிடோன் கொடுப்பார். தானாக, ஒரேயடியாக மட்டும் நிறுத்தக் கூடாது. உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகும்.

மாத்திரையை வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி முன்பு போட வேண்டும். காலை 6 மணிக்கு மாத்திரை என்றால் டிகிரி காப்பி 6.45க்கு. பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கும் புரதம், குடலிலும் மூளை வாசலிலும் லெவோடோபாவோடு போட்டி போட்டு உள்ளே போகும். மதியம் மீன்குழம்போடு மாத்திரை போட்டு “மத்தியான மாத்திரை வேலையே செய்யல” என்பார்கள். புரதத்தை விட வேண்டாம், நோயாளி மெலிந்துபோவார்; ராத்திரிக்குத் தள்ளினால் போதும். இரும்புச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி. மெதுவாகக் கரையும் சி.ஆர். மாத்திரையைப் பொடி பண்ணவோ மெல்லவோ கூடாது. மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மைதான். ஆனால் பொடிக்குப் பொடி அளவு மாறும். மாத்திரையோடு அதையும் ரகசியமாகச் சேர்த்துக் கொடுத்தால் ஆட்டம் வரும், காரணம் யாருக்கும் புரியாது. வேட்டியிலும் தலையணையிலும் கறுப்பாகக் கறை படிந்தால் பயப்பட வேண்டாம், வேர்வையிலும் எச்சிலிலும் கலந்த மருந்துதான்.

இனி நோட்டு. எங்கள் கணிப்பில் ஒரு வீடு செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் காலை 5 முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒரு வரி, மொத்தம் 34 வரி. மூன்று பத்தி: மாத்திரை, சாப்பாடு, நிலைமை. நிலைமைக்கு ஒற்றை எழுத்து: தூங்கினால் ‘தூ’, நன்றாக அசைந்தால் ‘ந’, இறுகிப்போனால் ‘இ’, தொந்தரவில்லாத ஆட்டம் ‘ஆ’, தொந்தரவான ஆட்டம் ‘ஆ’வுக்குக் கீழே ஒரு கோடு. மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய மூன்று நாள் விடாமல் எழுதினால் போதும். சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புவது வீண். அந்தந்த நேரத்தில் எழுத வேண்டும்.

எழுதுவதற்கு முன் ஒரு வித்தியாசம் தெரிய வேண்டும். நடுக்கம் என்பது சும்மா வைத்திருக்கும் கை தாளம் தவறாமல் ஆடுவது. ஆட்டம் என்பது பாம்பு நெளிகிற மாதிரி, கழுத்தும் தோளும் இடுப்பும் முறுக்கிக்கொண்டு அசைவது. முன்னது மருந்து போதாமல் வருவது. பின்னது பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. வீட்டில் இரண்டையும் “நடுக்கம் ஜாஸ்தியாயிட்டு” என்று ஒரே வார்த்தையில் சொல்லி, ஆட்டத்துக்கு இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். நெருப்பில் எண்ணெய். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் ‘ஆ’ வந்தால் மாத்திரை அளவு அதிகம். அடுத்த வேளைக்கு ஒரு மணி முன்பே ‘இ’ வந்தால் இடைவெளி அதிகம். மதியம் மட்டும் ‘ந’ வராவிட்டால் சாப்பாடுதான் காரணம். இந்த மூன்றையும் நோட்டில் பார்த்ததுமே மருத்துவர் மாத்திரையைத் திருத்திவிடுவார்.

இன்னொரு விஷயம்: பெம்டேன்புரோசெல்லின் மூன்றாம் கட்ட ஆய்வு வெற்றியை அளப்பதே இப்படி ஒரு நாட்குறிப்பை வைத்துத்தான். தொந்தரவான ஆட்டம் இல்லாமல், நன்றாக அசைந்த நேரம் ஒரு நாளில் எத்தனை மணி கூடியது என்பதுதான் அவர்களின் முதன்மைக் கணக்கு. கோடிக்கணக்கில் செலவழித்து அவர்கள் தேடும் அந்த மணி நேரத்தில் கொஞ்சத்தை மாத்திரை நேரத்தைத் திருத்தியே எடுக்கலாம்.

நடைக்குச் சில கைவேலை. நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது இந்த நோயின் குணம். நிலைப்படிக்கு இரு பக்கமும், அவர் ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக, குறுக்கே நான்கு பளிச்சென்ற கோடு ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டச் சொன்னால் தாண்டுவார், நடக்கச் சொன்னால் நிற்பார். கோலப்பொடி வழுக்கும், டேப்தான் நல்லது. கையைப் பிடித்து இழுக்காதீர்கள். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாகச் சுற்றி வரட்டும். ரத்த அழுத்தத்தைப் படுத்தபடி ஒரு தடவையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவையும் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், காலையில் விழுவதன் காரணம் பல வீடுகளில் இதுவே. தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறவருக்குக் கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாகக் கொடுத்தால் புரையேறுவது குறையும்.

மூன்றாவது கேள்வி, காசு. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட மஜ்ஜை மாற்று தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சிதான். சிகிச்சை என்று விற்கக் கூடாது. ஆராய்ச்சி என்றால் சோதனைக்கு உட்படுகிறவரிடம் அந்தச் செல்லுக்குக் காசு வாங்க மாட்டார்கள். பாதிப்பு வந்தால் அவர்களே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு மருத்துவப் பரிசோதனை விதிகள் சொல்கின்றன. ஆகவே எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தால், அது ஆராய்ச்சியும் இல்லை, அங்கீகரித்த சிகிச்சையும் இல்லை.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. அதன் எண்ணைக் கேளுங்கள்: ஆண்டு, மாதம், ஒரு நீண்ட எண் என்று வரும். அரசின் சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தில் போட்டால் பக்கம் திறக்கும். அங்கே நோயின் பெயர் பார்க்கின்சன்தானா, நீங்கள் போகும் மருத்துவமனை இடங்களின் பட்டியலில் இருக்கிறதா, நெறிமுறைக் குழு ஒப்புதல் எந்தத் தேதி, ஆள் சேர்ப்பு நடக்கிறதா அல்லது முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சர்க்கரைப் புண்ணுக்கான எண்ணைப் பார்க்கின்சனுக்குக் காட்டுவதும் நடக்கும். பதிவு என்பது பதிவு மட்டுமே, மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி தனி வரியில் இருக்கும். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் படிக்க விட வேண்டும். “இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி” என்றால் அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

நிஜமான ஆய்வில் சேரும் வாய்ப்பே வந்தாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். பிறர் செல் என்பதால் அந்த ஆய்வுகளில் டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்புச் சக்தி அடக்கும் மருந்தை ஒரு வருடம் அளவிலோ அதற்கு மேலோ எடுக்க வேண்டியிருந்தது. சம்பா நடவில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறவருக்கு எலிக்காய்ச்சல், பழைய காசநோய் கிளம்புவது, மழைக்காலக் காய்ச்சல்கள் எல்லாம் அந்த மாதங்களில் இரட்டிப்பு ஆபத்து. மருந்தின் அளவை ரத்தத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் டாக்ரோலிமஸே கை நடுக்கத்தைக் கொடுக்கும்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கோ வேறெங்கோ போகும் நாளில் நோட்டு, மஞ்சள் பை, பழைய சீட்டுகள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போடாத நிலையில் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் மட்டும் காலை வேளையைத் தள்ளிப்போட்டு வாருங்கள். மாத்திரை போடும் முன்பும் போட்ட பின்பும் அசைவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்று அளப்பார்கள்; செல் மாற்று ஆய்வுகளும் இந்த அளவைப் பார்த்துத்தான் ஆளைச் சேர்க்கின்றன. அந்த வேளைக்கான மாத்திரையும் ஒரு பாட்டில் தண்ணீரும் கூடப்போகிறவர் கையிலேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரி வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது.